பிச்சைக்கு நரம்பு கிடையாது

முதலைமேட்டுத் தோட்டத்தில் ஆஸ்பத்திரி இல்லை என்று எவனும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. இருந்தது. கோலா கெத்திலிலிருந்து செம்மண் பாதையில் வருகிற வெள்ளைக்காரர்களின் கண்ணில் முதலில் படவேண்டும் என்று, துரை பங்களாவுக்குக் கீழேயே சுண்ணாம்பு அடித்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே கட்டில்கள் இருந்தன. ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அலமாரிக்குப் பூட்டும், பூட்டுக்குச் சாவியும், சாவிக்கு புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸர் பரஞ்சோதியும் இருந்தார்கள். அலமாரிக்குள்ளே, வலி தெரியாமல் தூங்க வைக்கிற ஊசி மருந்து இருந்தது. அது தீர்ந்துபோய் யாரும் பார்த்ததில்லை. ஏனென்றால் அது நரம்பு உள்ளவர்களுக்கான மருந்து.

கூலிகளுக்கு நரம்பு கிடையாது என்பது டாக்டர் ஹாக்லியின் கண்டுபிடிப்பு. சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அவர் ஒருவர்தான் டாக்டர். மோட்டாரில் வந்து மோட்டாரில் போவார். அடியோடு நரம்பே இல்லை என்று அவர் முதலில் சொல்லவில்லை. நியாயமான மனிதர். இருக்கிறது, ஆனால் தாம்புக்கயிறு மாதிரி தடித்த நரம்பு, அடிபட்ட வலி அதன் வழியாக ஏறி மண்டைக்குப் போய்ச் சேருவதற்குள் வேலை நேரமே முடிந்துவிடும் என்றார். பெரிய துரைக்கு இந்தக் கண்டுபிடிப்பு மிகவும் பிடித்துப்போயிற்று. பிறகு ஒருமுறை துரையின் நாய் முள்ளம்பன்றியோடு மோதி மூக்கெல்லாம் முள்ளோடு வந்தபோது, அலமாரிப் பூட்டு திறந்தது. அது உயர்ந்த இனத்து நாய், நரம்பு நூல் மாதிரி மெலிந்தது என்று பரஞ்சோதி கூலிகளான எங்களுக்கு விளக்கினார். நாய் நன்றாகத் தூங்கி எழுந்தது.

தோட்டத்துக்கு இன்னொரு வைத்திய வழக்கமும் உண்டு. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில், காய்ச்சல் வராமல் இருக்க எல்லோருக்கும் கொய்னாத் தண்ணீர் ஊற்றுவார்கள். கசப்புத் தாங்காமல் ஆட்கள் ஓரமாய்ப் போய்த் துப்பிவிடுவார்கள் என்பதால், ஒரு சட்டம். விழுங்கியதும் அவரவர் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் தண்ணீர் இருந்தால் பேர் வெளியே வராதல்லவா? பரஞ்சோதி மேசைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார். பேர் காதில் விழுந்ததும் ஒரு புள்ளி வைப்பார். தலையை நிமிர்த்திப் பார்த்தது கிடையாது. கூலி முகத்தைப் பார்க்கச் சொல்லி அவருக்கு உத்தரவு இல்லை.

இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிக்குள்தான் செல்லாயியின் புருஷன் பிச்சையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். ரப்பர்ப் பாலைத் தகடாக அழுத்தும் மெஷினைக் கழற்றிப் பூட்டும்போது, இரும்பு உருளை நழுவி அவன் வலது கால் விரல்களின் மேல் விழுந்துவிட்டது. விரல் எது, செருப்புத் தோல் எது என்று தெரியவில்லை.

"பேரு?" என்றார் பரஞ்சோதி, குனிந்தபடியே.

பிச்சைக்குப் பல் கிட்டிப் போயிருந்தது. செல்லாயி தன்னைக் கேட்கிறார் என்று நினைத்து, "செல்லாயிங்கய்யா" என்றாள்.

"உன் பேரை யார் கேட்டது? கால் போனவன் பேரு."

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறும்போதே மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த நம்பிக்கை. கையைப் பிசைந்துகொண்டு திரும்பிப் பார்த்தாள். பக்கத்து லயத்துக் கூலி வீட்டு நவமணி, வாயும் வயிறுமாக இருந்தவள், அவள் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள்.

"நவமணி, நீ சொல்லேன்டி."

"பிச்சைங்கய்யா" என்றாள் நவமணி.

அன்றைக்கு டாக்டர் ஹாக்லியும் அங்கே இருந்தார். என்ன நடந்தது என்று பரஞ்சோதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மிகவும் கவலையோடு தலையை ஆட்டினார். கட்டிய புருஷனின் பேரே பெண்டாட்டிக்கு நினைவில்லை. நரம்பு மந்தம் இந்த அளவுக்கு முற்றியிருக்கும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றார். காலில் துணி சுற்றச் சொல்லிவிட்டு மோட்டார் ஏறினார்.

பிச்சை கத்தினான். லயம்வரை கேட்டது. ஊசி போடுங்கள் என்று செல்லாயி கேட்டபோது பரஞ்சோதி பொறுமையாகப் புத்தி சொன்னார்.

"இந்தா பாரும்மா, அவனுக்கு வலிக்கிற மாதிரி இருக்கு. அவ்வளவுதான். வலிக்கலை. டாக்டர் சொல்லியிருக்காரு."

"வலிக்காமலா ஐயா இப்படித் துடிக்கிறாக?"

"துடிப்பு வேற, வலி வேற. நீ படிச்சிருந்தா உனக்குப் புரியும்."

நவமணிதான் ஆற்றோர மலாய்க் கிராமமான கம்பத்துக்குப் போய் சைதூனை அழைத்து வந்தாள். சைதூன் லயத்துக்கு வெற்றிலையும் கத்தரிக்காயும் கொண்டுவந்து விற்கும் மலாய்க்காரப் பெண். பாதி மலாயும் பாதித் தமிழுமாகப் பேசுவாள். ஒரு குவளையில் பச்சையும் பழுப்புமாக ஏதோ காய்ச்சிக்கொண்டு வந்தாள்.

"தாவுன் கெத்தும், கெத்தும் இலை. எங்க ஆத்துக்கரை மரம். ரொம்பக் கசக்கும் லா. கொஞ்சம் குடிச்சா வயல்ல வேலை ஓடும், களைப்பே தெரியாது. நிறையக் குடிச்சா சாக்கித், வலி எல்லாம் போகும், தூக்கம் வரும். தினம் தினம் குடிச்சா, அப்புறம் அது இல்லாம உடம்பு சும்மா இருக்காது. பார்த்துக்க."

பிச்சை குவளையைக் காலி செய்தான். கொஞ்ச நேரத்தில் முகத்தில் முறுக்கு விட்டது. கண் செருகியது. "கால் அங்கதான் இருக்கு, ஆனா வேற யார் காலோ மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனான். செல்லாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் துடித்தபோதெல்லாம் அவள் அழவில்லை.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது பிச்சை சிரித்த முகமாகப் படுத்திருந்தான். ஆஸ்பத்திரியே கலங்கிப்போயிற்று. இத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தவனால் ஒரு கெடுதலும் இல்லை. கத்தாமல் இருப்பதுதான் பிரச்சினையாகிவிட்டது. இலைத் தண்ணீர் என்று தெரிந்ததும் பெரிய துரையை வரவழைத்து விசாரணை வைத்தார்கள். டாக்டர் குண்டூசி ஒன்றை எடுத்து பிச்சையின் நல்ல காலில் குத்தினார். பிச்சை மருந்து மயக்கத்தில் கண்ணைச் சிமிட்டினான்.

"பார்த்தீர்களா, நரம்பு இல்லை" என்றார்.

மயக்கம் தெளிந்த பிறகு இன்னொரு முறை குத்தினார். பிச்சை "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டான்.

"பார்த்தீர்களா, நடிக்கிறான்" என்றார்.

பிறகு எழுந்து நின்று, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசினார். பரஞ்சோதி பக்கத்தில் நின்று வரிவரியாகத் தமிழில் சொன்னார், எங்களுக்கும் அறிவு வளர வேண்டும் என்று.

"இலை வலியைப் போக்கியது என்று நாம் ஒப்புக்கொண்டால், வலி இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வலி இருந்தால் நரம்பு இருக்கிறது என்று ஆகும். நரம்பு இருந்தால் ஊசி போட வேண்டும். ஊசி போட்டால் கம்பெனிக்குச் செலவு. ஆனால் கம்பெனிக்குச் செலவு இருக்கக் கூடாது என்பது நமக்கு முன்பே தெரியும். அங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால், இந்த இலை வேலை செய்யவே இல்லை என்பது விஞ்ஞான முறைப்படி நிரூபணமாகிறது."

பெரிய துரை கை தட்டினார். நாயும் வாலை ஆட்டியது. ஆஸ்பத்திரிக்குள் இலைத் தண்ணீர் கொண்டுவந்தால் லயத்தைவிட்டுத் துரத்துவதாக அன்றே உத்தரவு போட்டார்கள். பிச்சை மறுபடி கத்தத் தொடங்கினான். எல்லோருக்கும் நிம்மதி.

ஆனால் பெரிய துரைக்கு ஒரு விஷயம் மட்டும் காதிலேயே நின்றுவிட்டது. கொஞ்சம் குடித்தால் களைப்பே தெரியாது. அதை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் ஆட்கள் ஆற்றங்கரைக்குப் போய், சைதூனின் கெத்தும் மரங்களைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். மரம் கம்பத்து நிலத்தில்தான் நின்றது. ஆனால் சாயங்காலத்தில் அதன் நிழல் தோட்டத்துக்குள் விழுகிறது, ஆகவே மரம் தோட்டத்தைச் சேர்ந்தது என்றார் துரை. சைதூன் வேலிக்கு வெளியே நின்று, தெரிந்த மலாய் வசவையெல்லாம் எடுத்து விட்டாள். காலையில் நிழல் கம்பத்துப் பக்கம்தானே விழுகிறது, அப்போது மரம் யாருடையது என்று கேட்டாள். ஆட்கள் கம்பியை இன்னும் இறுக்கி முடிந்தார்கள்.

மறுநாள் பெரட்டில் கொய்னா வாளிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஹாக்லி பெட்டியொன்றின் மேல் ஏறி நின்றார்.

"இலை நரம்பில் வேலை செய்யாது என்று நான் சொன்னது ஆஸ்பத்திரியைப் பற்றி. தோட்டத்தில் வேலை செய்யும். கொஞ்சமாகக் குடித்தால் கை கால் விழித்துக்கொள்கிறது. கையும் காலும் கம்பெனியுடையவை. அவை விழித்திருப்பது நல்லது. அதிகமாகக் குடித்தால் வலி மறந்துபோகிறது. வலி கூலியுடைய சொந்தச் சொத்து. அதில் கம்பெனி தலையிடாது."

ஆளுக்கு ஒரு அகப்பை. விழுங்கு, பேரைச் சொல்லு. பால் வெட்டுக்கு ஆளுக்கு இத்தனை என்று விட்டிருந்த மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். உண்மையாகவே கை ஓடியது. வெயில் உறைக்கவில்லை, பசி தெரியவில்லை. கங்காணி பின்னால் நின்று கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அதுவரை பாதியில் உட்கார்ந்துவிடும் கிழவர்கள்கூடக் கண்ணை விரித்துக்கொண்டு ரப்பர் மர வரிசையான நிரையில் ஓடினார்கள். பிறகு அடைமழை வந்து வெட்டு நின்றது. வெட்டு இல்லாததால் அண்டாவும் இல்லை. லயமே கொட்டாவி விட்டது. மூக்கு ஒழுகியது, எலும்பு குடைந்தது, ஆம்பிளைகள் காரணமில்லாமல் பெண்டாட்டி பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தார்கள். சைதூன் சொன்னது அப்படியே நடந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வேலை செய்யாமல் இருப்பதால் வருகிற நோய் இது, இதற்கு மருந்து வேலைதான் என்றார். இதைச் சொல்லும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மழை விட்டு, வெட்டும் அண்டாவும் திரும்பின. இதற்குள் பிச்சையின் விரல்கள் கறுத்துவிட்டன. வெட்டி எடுக்காவிட்டால் கால் முழுக்கப் போய்விடும் என்றார்கள். பினாங்கிலிருந்து வெப்பநாட்டு நரம்பு ஆராய்ச்சிச் சங்கத்துக் கனவான்கள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் ஊசியில்லாமல் வெட்டிக் காட்டி, தன் கண்டுபிடிப்பை நிலைநாட்டப் போகிறார் டாக்டர் என்றும் சொன்னார்கள். செல்லாயி பரஞ்சோதியின் காலில் போய் விழுந்தாள்.

"ஊசி வேணாங்கய்யா. அந்த அண்டாத் தண்ணியில ஒரு சொம்பு குடுங்க போதும். குடிச்சிட்டுப் படுக்கட்டும், அப்புறம் வெட்டுங்க."

"அது வேலை செய்யிறவங்களுக்கு. உன் புருஷன் வேலை செய்யறானா?"

"கால் போச்சேங்கய்யா."

"அதான் சொல்றேன். வேலைக்கு வரட்டும், குடுக்கிறேன்."

பரஞ்சோதி கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார், திருநீறு பூசுவார். அவருக்குச் சாவி கையில் இருந்தும் பூட்டைத் திறக்க மட்டும் தெரியாது. செல்லாயி எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள். இனி அந்தக் காலில் விழுவதில்லை என்று அப்போதே மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

வெட்டுகிற அன்று காலைப் பெரட்டில் செல்லாயியின் முறை வந்தது. அகப்பைத் தண்ணீரை வாய் நிறைய வாங்கிக்கொண்டு, விழுங்காமல், உதட்டை இறுக மூடி நின்றாள். பின்னால் நின்ற நவமணி, "செல்லாயி!" என்று உரக்கச் சொன்னாள். பரஞ்சோதி குனிந்தபடியே புள்ளி வைத்தார். அடுத்து நவமணி வாங்கிக்கொண்டாள்; அவளுக்குப் பின்னால் நின்ற இராசாத்தி "நவமணி!" என்றாள். இராசாத்தி வாயை நிரப்பிக்கொள்ள, பாப்பம்மா "இராசாத்தி!" என்றாள். இப்படியே பெண்கள் வரிசை முழுக்க நகர்ந்தது. கடைசியில் நின்றவள் அழகம்மா. அவளுக்குப் பின்னால் பேர் சொல்ல ஆளில்லை. அவள் விழுங்கினாள், தன் பேரைத் தானே சொன்னாள், சொல்லிவிட்டுத் தன் பங்கு வீணாய்ப் போனதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிரைக்குப் போகிற வழி ஆஸ்பத்திரியின் பின்பக்கமாகத்தான் போகும். ஊர் நியாயமெல்லாம் பேசுகிற பெண்கள், கன்னம் உப்பி, நாக்கு மரத்து, ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்கள். சன்னலுக்குக் கீழே செல்லாயி ரப்பர்ப் பால் வாளியை நீட்டினாள். ஒவ்வொருத்தியாக வந்து அதில் துப்பினாள். செல்லாயி அதை மங்குக் கோப்பையில் ஊற்றி ஊற்றிச் சன்னல் வழியே பிச்சைக்குக் கொடுத்தாள். பிச்சை முகம் சுளிக்காமல் குடித்தான். இதைக் கேட்டு அருவருப்பாக மூக்கைப் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். பிடித்துக்கொள்ளட்டும். அந்தத் தோட்டத்தில் நடந்த ஒரே வைத்தியம் அதுதான்.

"அவுககிட்ட ஒண்ணு கேட்டுக்கடி, கத்திரக் கூடாது. தூங்கவும் கூடாது. கத்தினா டாக்டரு துருவிக் கேப்பாரு, தூங்கினா இலைத் தண்ணின்னு தெரிஞ்சிரும். ரெண்டுலயும் நாம மாட்டிக்குவோம்" என்றாள் பாப்பம்மா.

"பேசாம படுத்திருங்க" என்றாள் செல்லாயி சன்னல் வழியே.

பிச்சை தலையை ஆட்டினான். கண் அப்போதே கனக்கத் தொடங்கியிருந்தது.

கனவான்கள் மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் வந்தது. தொழிலாளர்கள் தங்களுக்கு என்ன செய்யப்படுகிறது என்று தெரிந்து நன்றியோடு இருக்க வேண்டும் என்பதற்காக, எங்களில் கொஞ்சம் பேரைச் சன்னலுக்கு வெளியே நிறுத்தி, பரஞ்சோதியைத் தமிழில் சொல்லச் சொன்னார் துரை. டாக்டர் வேலையைத் தொடங்கினார். பிச்சை முனகினான், வியர்த்தான், கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். கத்தவில்லை. அந்த இலை எவ்வளவு வலியை மறைக்கும், எவ்வளவை மறைக்காது என்று எனக்குத் தெரியாது. அவன் கைவிரல் முட்டிகள் வெளுத்திருந்ததை மட்டும் பார்த்தேன். ஒரு விரல் போயிற்று.

டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கனவான்களைப் பார்த்துத் திரும்பினார்.

"நிரூபணமாகிவிட்டது. இனி இந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்திலும், எந்தக் கூலிக்கும், எந்த வெட்டுக்கும் வலி மருந்து தேவையில்லை. பிரசவம் உட்பட."

பரஞ்சோதி அதைத் தமிழில் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

பிச்சை கண்ணைத் திறந்தான். சன்னலில் நவமணி நின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு. அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்ற செல்லாயியைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்து கத்தினான். உருளை விழுந்து கால் நசுங்கிய அன்றைக்குக்கூட அவன் அப்படிக் கத்தவில்லை. நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கத்தினான். தேநீர்க் கோப்பைகள் ஆடின. நாய் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"இது வலி இல்லை, கனவான்களே" என்றார் டாக்டர் சத்தத்துக்கு மேலே சத்தமாக. "இந்த இனத்தாருக்குச் சத்தம் போடப் பிடிக்கும். திருவிழாக்களில் நீங்கள் கேட்டிருப்பீர்கள்."

கனவான்களில் மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்தவர் ஒருவர் எழுந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நாற்காலியோடு சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி முழுவதும் ஓடியது. எத்தனையோ பேர் காலில் விழுந்தும் திறக்காத பூட்டு அப்போது திறந்தது. பரஞ்சோதி ஊசியை எடுத்தார், டாக்டர் கனவானின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் போட்டார். ஐயோ பாவம், கூலி கத்துவதைக் கேட்டு அவருடைய நரம்பு புண்ணாகிவிட்டதாம். பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அவர் நிம்மதியாகத் தூங்கினார். பிச்சைக்கு மீதி விரல்களை அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வெட்டினார்கள். கனவான் தூக்கம் கலையக் கூடாது என்று அவன் வாயில் துணியை வைத்தார்கள்.

செல்லாயி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சில நாளில் பிச்சைக்குத் தாடை இறுகிக்கொண்டது. கழுத்து விறைத்தது. கதவு அடித்தால் உடம்பு வில்லாக வளைந்தது. ரண ஜன்னி என்று பரஞ்சோதிக்கே தெரிந்தது. மருந்துக் குவளையோடு வந்து, பல்லிடுக்கில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, "பேரைச் சொல்லு" என்றார்.

பிச்சை கண்ணை மட்டும் திருப்பினான்.

"விழுங்கினவன் பேரைச் சொல்லணும். சொல்லாட்டி விழுங்கலைன்னு அர்த்தம். விழுங்காதவனுக்கு அடுத்த வேளை மருந்து கிடையாது."

"வாய் திறக்கலையேங்கய்யா அவுகளுக்கு!"

"அப்ப யாராவது சொல்லுங்க."

"பிச்சை!" என்றாள் நவமணி.

"நீ பிச்சையா? அவன் பொண்டாட்டி சொல்லட்டும்."

செல்லாயி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் மருந்து இல்லை. சொன்னால் ஆயுசு குறையும். நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்துகொண்டு, சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று சொல்லலாம். அவனிடம் மிச்சமிருந்த ஆயுசு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அதிலிருந்து ஒரு துளியை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பரஞ்சோதி குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிச்சை மறுநாள் இறந்தான்.

எதனால் செத்தான் என்று எழுத வேண்டிய இடத்தில் டாக்டர் ஹாக்லிக்கு ஒரு சங்கடம். ரண ஜன்னி நரம்பைப் பிடிக்கிற நோய் என்று அவருடைய புத்தகத்திலேயே இருந்தது. இவனுக்கோ நரம்பு கிடையாது, அன்று போட்டது வெறும் சத்தம் என்று சங்கமே ஒப்புக்கொண்டாயிற்று. இல்லாத நரம்பில் நோய் எப்படி வரும்? வெகுநேரம் யோசித்தார். கடைசியில், வாயைத் திறக்க மறுத்ததால் மரணம், காரணம் பிடிவாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலமாரி மறுபடி பூட்டப்பட்டது.

செல்லாயியைக் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார்கள். வந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. பெரட்டுக் களத்தில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பரஞ்சோதி மேசைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அகப்பை வந்தது. வாய் நிறைய வாங்கிக்கொண்டாள்.

"விழுங்கு. பேரைச் சொல்லு."

செல்லாயி ஒரு அடி முன்னால் வைத்தாள். மேசைமேல், அவர் புள்ளி வைத்துக்கொண்டிருந்த கைக்குப் பக்கத்தில், அத்தனையையும் துப்பினாள். இனிமேல் குறைவதற்கு ஆயுசு ஒன்றும் மிச்சமில்லை.

"பிச்சை" என்றாள். களம் முழுக்கக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாயில் யாரும் கேட்டதில்லை.

பரஞ்சோதி அன்றுதான் தலையை நிமிர்த்தினார். அவர் நிமிர்வதற்குள் நவமணி முன்னால் வந்து நின்றாள், துப்பினாள், "பிச்சை" என்றாள். இராசாத்தி வந்தாள். பாப்பம்மா வந்தாள். கங்காணி கத்திக்கொண்டே ஓடி வந்தார். துரை பங்களாவில் நாய் குரைத்தது. வரிசை நிற்கவில்லை. வரிசையின் கடைசியில் அழகம்மா நின்றாள், கன்னம் இரண்டும் உப்ப, கண் கசப்பில் கலங்க, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.